சிறிய பல்கலைக்கழகத்தில் துறையிடைப் பட்டம்: அரைப் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

சிறிய பல்கலைக்கழகம் ஒன்றின் பாட விவரக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். உயிரியல் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு இரண்டு பக்கம், கணக்கியலுக்கு இரண்டு பக்கம் என்று கட்டாயப் பாடங்கள் எண்ணோடும் கிரெடிட்டோடும் வரிசைகட்டி நிற்கும். பல துறைகளை இணைத்துப் படிக்கும் துறையிடைப் படிப்பு என்ற தலைப்புக்கு அரைப் பக்கம்தான். அறிமுகப் பாடம் ஒன்று, ஆய்வுமுறைப் பாடம் ஒன்று, கடைசி ஆண்டில் கேப்ஸ்டோன் எனப்படும் இறுதித் திட்டம் ஒன்று. மற்றவை ‘ஆலோசகரின் ஒப்புதலோடு மாணவர் தேர்ந்தெடுப்பவை’. அந்த ஒற்றை வரிக்குள் 40 கிரெடிட் வரை அடங்கியிருக்கும்.

சேரும்போது கண்ணில் படுவது அந்த வரி தரும் சுதந்திரம். அதை நிரப்பும் வேலை முழுக்கத் தன் தலையில் விழுந்திருக்கிறது என்பது பலருக்கு நான்காம் ஆண்டில்தான் உறைக்கும். வேதியியல் மாணவருக்கு எந்தப் பாடத்துக்குப் பின் எது என்று துறையே யோசித்து வைத்திருக்கும். துறையிடை மாணவர் அதைத் தானே யோசிக்க வேண்டும். அதுவும் ஒரு துறைக்கு இரண்டோ மூன்றோ பேராசிரியர்கள் மட்டுமே இருக்கும் இடத்தில். இந்தப் பட்டம் இந்தப் பெயரில் பரவலாகக் கிடைப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் என்பதால், கீழே வரும் கணக்குகள் அமெரிக்க முறையை ஒட்டியவை.

பெயர் ஒன்று, பட்டங்கள் பல

‘துறையிடைப் படிப்பில் இளநிலை’ என்று சான்றிதழில் இருப்பதை வைத்து அவர் என்ன படித்தார் என்று சொல்லிவிட முடியாது. முதல் வகை, மாணவரே ஒரு கேள்வியை எழுப்பி அதற்கேற்ற பாடத்திட்டத்தை வகுத்து, குழுவின் ஒப்புதல் பெற்றுப் படிப்பது. இரண்டாவது, கல்லூரி தரும் பட்டியலிலிருந்து இரண்டு அல்லது மூன்று புலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 12 முதல் 18 கிரெடிட் வரை எடுப்பது. மூன்றாவது, பாதியில் படிப்பை விட்டவர்கள், இரண்டு மூன்று கல்லூரிகளில் சேர்த்த கிரெடிட்டுகளை வீணாக்காமல் பட்டமாக முடித்துக்கொள்ள உதவுவது. இது மிகவும் தேவையான ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 18 வயதில் புதிதாகச் சேரும் மாணவருக்காக அமைக்கப்பட்டது இல்லை.

நான்காவது வகை கொஞ்சம் வேடிக்கையானது. டெக்சஸ் மாநிலம் 1987இல் கல்வியியலை இளநிலை மேஜராக வைக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது; 2019இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆசிரியர் பயிற்சி நின்றா போகும்? அங்குள்ள பல கல்லூரிகளில் அது ‘துறையிடைப் படிப்பு’ என்ற பெயருக்குள் குடிபுகுந்தது. டெக்சஸ்காரர் ஒருவர் இந்தப் பட்டம் வைத்திருந்தால் அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருக்கலாம்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க விளம்பரக் கையேடு உதவாது. அமெரிக்க மத்திய கல்வித் துறையின் பட்டியலிலிருந்து கல்லூரி அந்தப் படிப்புக்குப் போட்டிருக்கும் வகைப்பாட்டு எண்ணைக் கேளுங்கள். துறையிடைப் படிப்புகள் 30இல் தொடங்கும் எண்களில் வரும். பொதுப் படிப்பு, தாராளக் கலைகள் (லிபரல் ஆர்ட்ஸ்) போன்றவை 24இல் தொடங்கும். பெயர் துறையிடை என்று இருந்து எண் 24 என்று இருந்தால், உள்ளே இருப்பது பொதுப் படிப்பாக இருக்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு இந்த எண் இன்னொரு விதத்திலும் தலையெழுத்து. அதைப் பின்னால் பார்ப்போம்.

பாவும் ஊடும்

பல பாடங்களை அடுத்தடுத்துப் படிப்பது பல்துறைப் படிப்பு. அவற்றை ஒரே கேள்வியின்மேல் சேர்த்து இயக்குவது துறையிடைப் படிப்பு. இந்த வேறுபாட்டை முறையாக வகுத்துப் பேசத் தொடங்கியதில் 1970இல் பிரான்சின் நீஸ் நகரில் ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்திய கருத்தரங்குக்குப் பெரிய பங்கு உண்டு. தறியில் பாவு நூலை மட்டும் எத்தனை கட்டினாலும் துணி ஆகாது. ஊடு நூல் குறுக்கே ஓட வேண்டும். எடுத்த பாடங்களைப் பாவு என்று வைத்துக்கொண்டால், கேள்விதான் ஊடு.

கேள்வி என்பதற்கும் தலைப்பு என்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ‘நீர்’ ஒரு தலைப்பு. ‘நீரும் சமூகமும்’ இன்னும் மோசமான தலைப்பு. அதன் கீழே எந்தப் பாடத்தையும் போடலாம், எதையும் எடுக்கலாம். இதோ ஒரு கேள்வி: ‘ஒரு நகரத்தின் குழாய் நீர் ஈயத்துக்கான சட்ட அளவைத் தாண்டவில்லை என்று அறிக்கை வருகிறது; அப்படியிருந்தும் சில வீடுகளின் குழாயில் ஈயம் ஏன் மிக அதிகமாக இருக்கிறது?’

வேதியியல் ஒரு பதில் தருகிறது. ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ வருவதில்லை. வீட்டு இணைப்புக் குழாயும், பற்றவைப்பும், பித்தளைப் பொருத்துகளும் அரிப்பதால் வருகிறது. இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய நீரில் கூடுதலாக இருக்கும். அதனால்தான் 1991ஆம் ஆண்டு அமெரிக்க விதி, குறைந்தது 6 மணி நேரம் தேங்கிய பின் பிடிக்கும் முதல் ஒரு லிட்டரை மாதிரியாக எடுக்கச் சொன்னது. சட்டம் வேறொன்று சொல்கிறது. அந்த விதியில் இருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்பது ‘இதற்குக் கீழே பாதுகாப்பு’ என்ற எல்லை அன்று. இதைத் தாண்டினால் நீர் நிறுவனம் அரிப்பைக் கட்டுப்படுத்தவும் மக்களுக்கு அறிவிக்கவும் வேண்டும் என்ற நடவடிக்கை அளவு. புள்ளியியல் மூன்றாவதைக் காட்டுகிறது. ஒப்பிடப்படுவது சராசரியும் இல்லை, உச்ச அளவும் இல்லை, 90ஆவது சதமானம். 100 வீடுகளில் மாதிரி எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 90ஆவது இடத்தில் வரும் அளவு மட்டும் 15ஐத் தாண்டக் கூடாது. மிச்சமுள்ள 10 வீடுகளில் 50 இருந்தாலும் 500 இருந்தாலும் அறிக்கை மாறாது.

இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதினால் மூன்று பாடங்களின் வீட்டுப்பாடம். மூன்றும் முட்டும் இடத்தில்தான் விடை இருக்கிறது: நகரம் முழுக்க அரிப்புக் கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்கச் சட்டம் தேர்ந்தெடுத்த ஓர் அளவுகோலை, தன் வீட்டு நீர் நல்லதா என்ற கேள்விக்கு விடையாக மக்கள் வாசித்துக்கொள்கிறார்கள். வேதியியல் மட்டும் படித்தவருக்கு அந்தச் சட்ட நுணுக்கம் தட்டுப்படாது. சட்டம் மட்டும் படித்தவருக்கு ஆறு மணி நேரத் தேக்கத்தின் பொருள் புரியாது. எந்தெந்தப் பாடங்கள் வேண்டும் என்பதும் இப்போது தானாகத் தெரிகிறது: பகுப்பாய்வு வேதியியல், சுற்றுச்சூழல் வேதியியல், நிர்வாகச் சட்டம், பொதுக்கொள்கை, மாதிரியெடுப்புப் புள்ளியியல். கடல்சார் உயிரியல் எவ்வளவு பிடித்திருந்தாலும் இதில் இடமில்லை. நல்ல கேள்விக்கு அடையாளம் அதுதான். எதை விடவேண்டும் என்று சொல்லும்.

120 எங்கே போகிறது

அமெரிக்காவில் செமஸ்டர் முறையில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமான அளவு 120 கிரெடிட். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர், செமஸ்டருக்கு 15. ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேர வெளிவேலையும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரம் 9 மணி, செமஸ்டருக்கு 135 மணி.

ஈயக் கேள்வியை எடுத்த நம் மாணவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்லா மாணவர்க்குமான பொதுக்கல்விப் பாடங்கள் 42 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். துறையிடை அறிமுகம், ஆய்வுமுறை, இறுதித் திட்டம் தலா 3; மொத்தம் 9. வேதியியல் புலத்தில் ஆய்வகத்தோடு சேர்ந்த நான்கு பாடங்கள், 16. சட்டமும் கொள்கையும் ஐந்து பாடங்கள், 15. புள்ளியியல் நான்கு, 12. கூட்டினால் 94. விருப்பப் பாடங்களுக்கு 26 மிஞ்சுகிறது. தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும்.

இப்போது இரண்டாவது கணக்கு. பட்டத்துக்கு மேல்நிலைப் பாடங்கள், அதாவது 300, 400 எண்ணில் தொடங்குபவை, பெரும்பாலும் 36 முதல் 45 கிரெடிட் வரை கேட்பார்கள். 40 என்று கொள்வோம். வேதியியல் 16இல் பொது வேதியியல் ஒன்றும் இரண்டும் கீழ்நிலை, மேல்நிலை 8தான். கொள்கைப் பாடங்களில் அறிமுகம் போக 12. புள்ளியியலில் 9. ஆய்வுமுறையும் இறுதித் திட்டமும் 6. மொத்தம் 35. ஐந்து குறைகிறது. அப்படியானால் விருப்பப் பாடங்களில் இரண்டாவது மேல்நிலையில் இருக்க வேண்டும். அவற்றுக்கும் முன்தேவைப் பாடங்கள் உண்டு. தாராளமாகத் தெரிந்த 26 இங்கேதான் கரைகிறது.

ஒரு மேஜர் எடுப்பவர் ஒரு துறையின் அறிமுகப் பாடத்தை ஒருமுறை படித்துவிட்டு மேலே ஏறிவிடுகிறார். துறையிடை மாணவர் மூன்று துறைகளில் மூன்று வாசற்படி ஏறவேண்டும். நான்காவது புலம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஆசைப்படுபவர்களுக்கு இந்தக் கணக்கே போதுமான பதில்.

கொஞ்சம் மூச்சுவிட வழி உண்டு. பொது வேதியியலை ‘ஆய்வகத்தோடு கூடிய அறிவியல்’ என்ற பொதுக்கல்வித் தேவைக்கும், அறிமுகப் புள்ளியியலை ‘அளவுசார் சிந்தனை’ தேவைக்கும் சேர்த்து எண்ண அனுமதி இருந்தால் 7 கிரெடிட் மிச்சம். சில கல்லூரிகள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது, சில இரண்டு பாடம் வரை மட்டும் என்று சொல்லும். வாய்மொழியாகக் கேட்டது இதில் செல்லாது. கையேட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கால அட்டவணை

சிறிய இடத்தின் உண்மையான எதிரி இதுதான். மேல்நிலைப் பாடங்கள் ஆண்டுதோறும் நடப்பதில்லை. ஆறு பேர் மட்டுமே சேரும் பாடத்தை ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடத்துவார்கள். முன்தேவைச் சங்கிலியும் இந்த இடைவெளியும் ஒன்றாகச் சேரும்போது என்ன ஆகும் என்று பாருங்கள்.

சுற்றுச்சூழல் வேதியியலுக்குப் பகுப்பாய்வு வேதியியல் முன்தேவை. அதற்குப் பொது வேதியியல் இரண்டு. அதற்கு ஒன்று. அதற்குக் கல்லூரி இயற்கணிதம். மாணவர் 2025 இலையுதிர் செமஸ்டரில், அதாவது கல்வியாண்டின் முதல் பாதியில் சேர்கிறார்; வசந்த செமஸ்டர் அதன் இரண்டாம் பாதி. கணித நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்து இயற்கணிதத்தில் போடுகிறார்கள். பொது வேதியியல் ஒன்று இலையுதிர் காலத்தில் மட்டுமே தொடங்கும். ஆகவே 2026 இலையுதிர். இரண்டு, 2027 வசந்தம். பகுப்பாய்வு வேதியியல் இரட்டைப்படை ஆண்டுகளின் இலையுதிரில் மட்டும் என்றால் 2026 போய்விட்டது, அடுத்தது 2028. சுற்றுச்சூழல் வேதியியல் இரட்டைப்படை ஆண்டுகளின் வசந்தத்தில் என்றால் 2028 வசந்தமும் போய்விட்டது, அடுத்தது 2030. பட்டம் வாங்க வேண்டியது 2029 வசந்தத்தில்.

அதே மாணவர் சேர்வதற்கு முந்தைய கோடையில் இயற்கணிதத்தை முடித்திருந்தால்? 2025 இலையுதிரில் பொது வேதியியல் ஒன்று, 2026 வசந்தத்தில் இரண்டு, 2026 இலையுதிரில் பகுப்பாய்வு, 2028 வசந்தத்தில் சுற்றுச்சூழல் வேதியியல். மூன்றாம் ஆண்டிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு கோடைப் பாடம் ஓராண்டைக் காப்பாற்றுகிறது. கல்லூரி சேருமுன் இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் மாணவருக்கு ஆலோசகர் என்று ஒருவர் இன்னும் ஒதுக்கப்பட்டிருக்க மாட்டார்.

கையேட்டில் ஒரு பாடம் அச்சாகியிருப்பது அது நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. கற்பித்தவர் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆன பின்னும் பாடத்தின் பெயர் பட்டியலில் கிடக்கும். ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் பழைய கால அட்டவணைகள் பெரும்பாலும் இணையத்திலேயே இருக்கும். கடந்த ஆறு செமஸ்டர்களை எடுத்து, வேண்டிய பாடங்கள் எப்போதெல்லாம் நடந்தன என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறியுங்கள். ஆறிலும் ஒருமுறைகூட நடக்காத பாடத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். ஒருமுறை நடந்ததற்கு மாற்று ஒன்று வைத்திருக்க வேண்டும். ஆள் சேராமல் பாடம் ரத்தாவதும் உண்டு. வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கையில் மின்னஞ்சல் வரும். அதற்குள் மற்ற நல்ல பாடங்கள் நிரம்பியிருக்கும்.

ரத்தான பாடத்தை அதே பேராசிரியரிடம் தனிப்படிப்பாக எடுத்துக்கொள்ளும் வழி சிறிய பல்கலைக்கழகங்களில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பட்டம் முழுவதற்கும் தனிப்படிப்பு இத்தனை கிரெடிட்டுக்கு மேல் கூடாது என்று பல இடங்களில் வரம்பு உண்டு. அதை இரண்டாம் ஆண்டிலேயே செலவழித்துவிட்டால் நான்காம் ஆண்டு நெருக்கடிக்குக் கையில் ஒன்றும் இராது. பக்கத்துக் கல்லூரிகளோடு பரஸ்பரப் பதிவு ஒப்பந்தம் இருந்தால் நிலைமையே வேறு. கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் கல்லூரிகள் போல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இடங்களில், சிறிய கல்லூரியில் சேர்ந்தவருக்கும் நடக்கும் தூரத்தில் ஐந்து கல்லூரிகளின் பாடப் பட்டியல் கிடைக்கிறது.

திட்டப் படிவம்

பெரும்பாலான இடங்களில் 45 முதல் 60 கிரெடிட் முடிவதற்குள் படிப்புத் திட்டத்தைத் தாக்கல் செய்யச் சொல்வார்கள். அதில் இருக்க வேண்டியவை: கேள்வி (ஒரு பத்தியில்); ஒவ்வொரு புலமும் அந்தக் கேள்விக்கு எதைத் தருகிறது என்ற விளக்கம் (இரண்டு மூன்று பக்கம்); பாட எண், கிரெடிட், நிலை, எடுக்கப்போகும் செமஸ்டர் ஆகியவற்றோடு அட்டவணை; ஒவ்வொரு அரிய பாடத்துக்கும் ஒரு மாற்று; இறுதித் திட்டத்தின் முதல் வரைவு. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு பேராசிரியர்களும் இயக்குநரும் கையெழுத்திட வேண்டும்.

திருப்பி அனுப்பப்படும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாவற்றிலும் ஆர்வம் என்று தொடங்கும் விளக்கம் ஒன்று. ஏற்கெனவே எடுத்துவிட்ட பாடங்களைப் பார்த்து அவற்றுக்கேற்பக் கேள்வியைத் தைத்தது இன்னொன்று. இதைப் படிப்பவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். உளவியலில் மூன்று 100 நிலைப் பாடங்கள், வணிகத்தில் மூன்று 100 நிலைப் பாடங்கள் என்று எதிலும் ஆழம் இல்லாதது மூன்றாவது.

கையெழுத்தான படிவத்தின் பிரதி மாணவரிடம் இருந்தே ஆகவேண்டும். பேராசிரியர் வேறு ஊருக்குப் போகலாம், ஆய்வு விடுப்பில் ஓராண்டு இல்லாமல் போகலாம், இயக்குநர் மாறலாம். புதிதாக வருபவர் ‘இதை யார் ஒத்துக்கொண்டது?’ என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தத் தாள்தான். எந்தக் கல்வியாண்டின் கையேட்டின்படி பட்டம் கணக்கிடப்படும் என்பதையும் அதில் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் மாறிய விதி மாணவர்மேல் ஏறும்.

பட்டத்துக்கு வேண்டியவை முடிந்தனவா என்று சரிபார்க்கும் பட்டத் தணிக்கை மென்பொருள் ஒரு தனித் தலைவலி. மேஜர்களுக்கு எழுதப்பட்ட கட்டளைகளை வைத்து அது ஓடுகிறது. கைக்கு ஏற்றபடி அமைத்த திட்டம் அதற்குப் புரியாது. எல்லாம் சரியாக இருந்தும் ‘நிறைவேறவில்லை’ என்று சிவப்பில் காட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் மாற்றுப் படிவம் போட்டு, அந்த வரி பச்சையாக மாறியதை ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பார்க்க வேண்டும். கடைசி செமஸ்டரில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பட்டமளிப்புக்கு மூன்று வாரம் முன்பு ரிஜிஸ்ட்ரார் அலுவலக வாசலில் நிற்பார்கள்.

இதற்கெல்லாம் சிறிய இடம் கொடுக்கும் ஈடும் பெரியது. வேதியியல் பேராசிரியரும் சட்டப் பேராசிரியரும் ஒரே தாழ்வாரத்தில் அறை வைத்திருப்பார்கள். இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைக்க ஒரு மின்னஞ்சல் போதும். முன்தேவையைத் தளர்த்த ஒரு கையெழுத்து போதும். முதுநிலை மாணவர்கள் இல்லாததால் ஆய்வகக் கருவியை இளநிலை மாணவரே இயக்கலாம். நான்கு ஆண்டுகளாகத் தெரிந்த ஒருவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு, 300 பேர் வகுப்பில் முகம் தெரியாதவர் எழுதுவதோடு ஒப்பே இல்லை.

இறுதித் திட்டம்

கடைசி செமஸ்டரில் தொடங்கினால் முடியாது. மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் வழிகாட்டிகளைப் பேசிவைத்து, நான்காம் ஆண்டு இலையுதிரில் தரவு சேர்த்து, வசந்தத்தில் எழுதுவது நிம்மதியான வேகம். மனிதர்களிடம் நேர்காணலோ கருத்துக்கணிப்போ எடுப்பதானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகும், ஒப்புதலுக்கு முன் சேர்த்த தரவைப் பயன்படுத்த முடியாது. சிறிய கல்லூரியில் அந்தக் குழு மாதம் ஒருமுறைதான் கூடும், கோடையில் கூடாமலே இருக்கலாம்.

நம் ஈய மாணவர் 60 வீடுகளில் நீர் பிடித்துத் தானே சோதிக்கலாம் என்று நினைப்பார். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் ஈயத்தை அளக்கும் கருவி சிறிய கல்லூரி ஆய்வகத்தில் இல்லாமல் போகலாம். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு குப்பிக்கும் கட்டணம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குடிநீர்த் தரவுத்தளம் பொதுவில் கிடக்கிறது. அதிலுள்ள 90ஆவது சதமான அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, மாதிரி எண்ணிக்கை குறையும்போது அந்த எண் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டினாலே இளநிலைக்கு நல்ல திட்டம். கேள்வியை வடிவமைக்கும்போதே தரவு எங்கே என்று தெரிந்திருப்பது பாதி வேலை.

இரண்டு வழிகாட்டிகள் இரண்டு விதமாக இழுப்பது இயல்பு. வேதியியல்காரர் கருதுகோளும் பிழைவரம்பும் கேட்பார். சட்டக்காரர் வாதமும் எதிர்வாதமும் கேட்பார். ஒருவருக்கு 25 பக்கம் நீளம், மற்றவருக்கு 60 பக்கம் போதாது. தொடக்கத்திலேயே நீளம், மேற்கோள் முறை, மதிப்பிடும் அளவுகோல் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவது நல்லது. முடிந்த திட்டம் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை: ஒரு துறைக்கான பகுதியை முழுதாக எடுத்துவிட்டு முடிவுரையை வாசியுங்கள். முடிவுரை அப்படியே நிற்கிறது என்றால் அந்தப் பகுதி சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

சான்றிதழுக்கு வெளியே

மதிப்பெண் பட்டியலில் ‘துறையிடைப் படிப்பு’ என்ற இரண்டு சொல் மட்டும் அச்சாகுமா, தேர்ந்தெடுத்த புலங்களின் பெயரும் அச்சாகுமா என்று ரிஜிஸ்ட்ராரிடம் கேளுங்கள். அச்சாகாது என்றால், ஒரு புலத்தில் இன்னும் ஒன்றிரண்டு பாடம் சேர்த்து அதை முறையான மைனராக, அதாவது துணைப் பாடமாக ஆக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். மைனரின் பெயர் பட்டியலில் வரும்.

மருத்துவக் கல்லூரிக்கு அமெரிக்காவில் குறிப்பிட்ட மேஜர் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். சட்டக் கல்லூரியும் மேஜர் பார்ப்பதில்லை. பொறியாளர் உரிமத்துக்கு ஏபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம்தான் வழக்கமான வழி. அதைத் துறையிடைப் பட்டத்தால் ஈடுகட்டுவது கடினம். புள்ளியியலிலோ வேதியியலிலோ முதுநிலை போக நினைப்பவர் அந்தந்தத் துறை கேட்கும் முன்தேவைப் பாடங்களை இரண்டாம் ஆண்டிலேயே பார்த்து, தன் விருப்பப் பாடங்களில் அவற்றை நுழைத்துவிட வேண்டும்.

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். அதில் முழுக்க இணையவழிப் பாடம் ஒன்று, 3 கிரெடிட் வரை மட்டுமே கணக்கில் வரும். பக்கத்துக் கல்லூரியின் இணையப் பாடங்களை வைத்து ஓட்டலாம் என்ற திட்டம் இங்கே முட்டும். படிப்புக்குப் பின் 12 மாத வேலைப் பயிற்சி அனுமதி எல்லோருக்கும் உண்டு. அதற்குமேல் 24 மாத நீட்டிப்பு, அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள வகைப்பாட்டு எண்களுக்கு மட்டும். மாணவர் எத்தனை வேதியியல் பாடம் எடுத்தார் என்பதை அங்கே பார்ப்பதில்லை. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள். 30இல் தொடங்கும் எண்களில் சில அந்தப் பட்டியலில் உண்டு, பல இல்லை. மேஜரை அறிவிக்கும் முன், எந்த எண் போடுவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கவேண்டிய கேள்வி இது. பின்னாளில் ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பத்திலும், வேலைக்கும் பட்டத்துக்கும் நேரடித் தொடர்பைப் பாடவாரியாக விளக்க வேண்டி வரும். அப்போது கையெழுத்தான திட்டப் படிவமும் பாடத்திட்ட நகல்களும் உதவும். சிலபஸ்களை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். நாலு வருடம் கழித்துக் கேட்டால் எந்தத் துறையிலும் கிடைக்காது.

கல்லூரியே நிலைக்குமா?

இதைச் சேரும்போது கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் கேட்க வேண்டும். மாணவரே திட்டம் வகுக்கும் முறைக்குப் பேர்போன வெர்மாண்ட்டின் மார்ல்பரோ கல்லூரி 1946இல் தொடங்கியது. 2020இல் மூடப்பட்டு பாஸ்டனின் எமர்சன் கல்லூரியோடு இணைந்தது. கனடாவின் ஸ்குவாமிஷில் 2007இல் திறந்த குவெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவரும் தன் கேள்வியைச் சுற்றித்தான் படித்தார். 2023இல் வகுப்புகள் நின்றன. எல்லாமே இப்படி முடிவதில்லை. மெய்ன் மாநிலத்தில் 1969இல் நிறுவப்பட்ட காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் மனிதச் சூழலியல் என்ற ஒரே பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சில நூறு மாணவர்களோடு நடக்கிறது. ஆனாலும் மூடும் கல்லூரியில் தனித்திட்ட மாணவர்தான் அதிகம் அடிபடுவார். உயிரியல் மேஜரை அடுத்த கல்லூரி அப்படியே ஏற்கும். ‘ஈயமும் சட்டமும் சதமானமும்’ என்ற திட்டத்துக்கு அங்கே இடம் இராது.

அமெரிக்கக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு மைனஸ் 1 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 1.5க்குக் கீழே என்றால் கவலைக்குரியது. அதோடு, முழுநேரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் துறையிடைத் திட்டத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள், கடந்த மூன்றாண்டில் இந்தப் பட்டத்தை முடித்தவர்களின் இறுதித் திட்டத் தலைப்புகள் என்ன என்று இரண்டு கேள்விகளை இயக்குநருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெயர்கள் வேண்டாம், தலைப்புகள் போதும். ஒரு வாரத்தில் பத்துத் தலைப்புகள் வந்து, அவற்றில் ஆறேழு கேள்விக்குறியில் முடிந்தால் அங்கே வேலை நடக்கிறது. ‘எங்கள் மாணவர்கள் பல்வேறு துறைகளில் ஒளிர்கிறார்கள்’ என்று விளம்பரக் கையேட்டின் இணைப்பு மட்டும் வந்தால், அதே கல்லூரியில் ஒரு மேஜரும் ஒரு மைனரும் எடுத்துக்கொள்ள என்ன வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கலாம்.